எட்டாம் மாசத்து வாசனை

வாசனையே தெரியாத ஒருத்தி உட்கார்ந்து வாசனை விற்கிறதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? புதுச்சேரிக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் ஜின் சாராயம் காய்ச்சுகிற ஒரு சின்னக் கம்பெனியில், மதியம் மூன்று மணிக்கு, அஞ்சலாட்சி அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். நீள மேசையைச் சுற்றி, ருசி பார்க்க வந்த ஆறு பேர். ஆளுக்கு மூன்று கிளாஸ், வயிறு பெருத்து வாய் குறுகின குட்டிக் கிளாஸ். அவள் சேலையில் குத்தின பேர்ப் பட்டையில் அஞ்சலி என்று இருக்கும். அஞ்சலாட்சி என்றால் வருகிறவர்கள் வாயில் நுழையாது என்று மேனேஜர் பிரகதீஷ் முதல் நாளே அவள் பேரில் பாதியை வெட்டிவிட்டார். போகட்டும், பாதிப் பேர்தானே, பாதி மூக்கையா வெட்டினார் என்று அன்றைக்குச் சிரித்தவள்தான். இன்றைக்கு முழு மூக்கும் முகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, மூக்குத்தி மாட்டுகிற ஆணி மாதிரி. "மூக்கைக் கிளாசுக்குள்ள விட்றாதீங்க சார், சுருக்குனு ஏறிடும். தாடைகிட்ட வச்சுக்குங்க. வாயைக் கொஞ்சம் திறந்துக்கிட்டு மெதுவா இழுங்க. அவசரமே வேணாம்." சொல்லிக்கொண்டே தானும் இழுத்தாள். உள்ளே காற்று போனது. குளிர்ந்த காற்று, ஏசிக் காற்று, கொஞ்சம் எரிகிற காற்று. அவ்வளவுதான். கதவைத் திறந்து பார்த்தால் வீட்டில் சாமான் சட்டி எதுவும் இல்லாமல் வெறும் தரை கிடக்கிற மாதிரி. இப்படி இருபத்து மூன்றாவது நாள். கண்டுபிடித்துவிடுவார்களா? இன்றைக்கா, நாளைக்கா? முகத்தைப் பார்த்தால் தெரியுமா? தெரியாது. காது கேட்காதவனைக் கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், கண் தெரியாதவன் நடந்தால் தெரிந்துவிடும். மூக்கு போனவளுக்கு அவளே சொன்னால்தான் உண்டு.

"முதல்ல வர்றது ஜூனிபர் காய். கோயில்ல குங்கிலியம் போடுவாங்கல்ல, அந்தப் புகை அடங்கின பிறகு ஒரு வாசனை நிக்கும் பாருங்க, அது." சென்னையிலிருந்து வந்திருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இரண்டு பையன்கள், ஒருத்தன் போனில் வீடியோ எடுக்கிறான், இன்னொருத்தன் அதற்குள் குடித்தேவிட்டான். "டேய், மோந்து பாக்கச் சொன்னாங்கடா." "வயித்துக்குள்ள போய் மோந்துக்கும்டா." சிரிப்பு. அஞ்சலாட்சியும் சிரித்தாள். குங்கிலியம் என்கிற வார்த்தை அவள் சொந்த வார்த்தை. கம்பெனி அச்சடித்துக் கொடுத்த தாளில் பைன் மரம் என்று இருந்தது. பைன் மரத்தை யார் கண்டது, அவள் பார்த்ததெல்லாம் சவுக்கு மரம். அவள் தன் மூக்குக்குத் தெரிந்ததைச் சொன்னாள், வந்தவர்களுக்கு அது பிடித்துப்போனது, "ஸ்டோரி சொல்லுங்க அஞ்சலி, ஸ்டோரிதான் விக்குது" என்று பிரகதீஷ் சார் அதையே சொல்லச் சொன்னார். இப்போது அந்த வார்த்தைகள் மட்டும்தான் மிச்சம். காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே மூக்கு போய்விட்டிருக்க வேண்டும், அவளுக்குத்தான் தெரியவில்லை. காய்ச்சல் விட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ராஜவேலு வாசலிலிருந்து ஓடி வந்து அடுப்பை நிறுத்தினான். பாத்திரம் கரியாய்க் கிடந்தது, வீடெல்லாம் புகை. "இன்னாடி, தெருமுனை வரைக்கும் தீஞ்ச நாத்தம் அடிக்குது, நீ இங்கியே உக்காந்துகினு துணி மடிக்கிற? மூக்க கழட்டி எங்கனா அடகு வச்சிட்டியா?" அவனுக்கு அது ஒரு கேலி, சொல்லிவிட்டு லோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் சமையல்கட்டுக்குள் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். சீரகம். இல்லை. பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை வைத்தாள். இல்லை. கற்பூரத்தை நசுக்கினாள், கண் எரிந்தது, வாசனை இல்லை. கடைசியில் பானையிலிருந்து கருவாட்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள், ஒரு பொம்பளை கருவாட்டை மூக்கில் வைத்துக்கொண்டு அழுகிறாள், பார்த்திருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "சிலருக்கு பத்து நாள்ல வந்துடும்மா. சிலருக்கு மாசக்கணக்காகும். சிலருக்கு..." என்று சொல்லி அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். சிலருக்கு என்ன? அந்த மூன்றாவது 'சிலருக்கு' அவள் தலைக்குள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிற ஆள் மாதிரி.

இது பரவாயில்லை, சமாளிக்கலாம். அவள் சமாளிக்கிறவள். சோற்றுக்குப் போனில் அலாரம் வைக்கிறாள். வெளியே கிளம்பினால் கேஸ் குமிழைத் திருகிப் பார்த்து, பூட்டைப் போட்டு, திறந்து, மறுபடி போய்த் திருகிப் பார்க்கிறாள். பாலை நாக்கில் வைத்துப் புளிக்கிறதா என்று பார்க்கிறாள். நாக்கு சாகவில்லை, புளிப்பு இனிப்பு கசப்பு தெரிகிறது, அதற்கு மேலே இருக்கிற மாடிதான் இடிந்துவிட்டது. குழந்தை வெளிக்குப் போனால்கூட தொட்டுப் பார்த்துத்தான் தெரிகிறது. நேற்று மாமியார், "புள்ள எந்நேரமா நாறிகினு கெடக்குது, மடியிலயே வச்சிருக்க, தெரியல?" என்றாள். "இப்பதான் அத்த போனா" என்று பொய் சொன்னாள். எட்டு மாசக் குழந்தை, நிவிஷா, இரண்டு கீழ்ப்பல். நேற்று சாயந்தரம் மாரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே ஒரு தரம்தான், அப்புறம் குடித்தாள். ஆனால் திருப்பினாளே. "சாராயம் நாறுது, அதான் குடிக்க மாட்டேங்குது" என்று மாமியார் உள்ளேயிருந்தே சொன்னாள். வேலையில் அவள் ஜின்னை வாயில் வைத்துத் துப்புகிறதுதான், ஒரு சொட்டு விழுங்கினது கிடையாது. ஆனால் கையில்? ரவிக்கையில்? முடியில்? யாரிடம் கேட்பது, என் மேல் நாறுதா என்று? இன்றைக்குக் காலையில் நாலு தரம் சோப்புப் போட்டாள். சோப்பும் வழுவழுப்பாக ஒரு கட்டி, அவ்வளவுதான். "ரெண்டாவதா கொத்தமல்லி விதை வரும். மாவு மில்லுல மிளகாய்க்கு முன்னாடி மல்லி அரைப்பாங்க இல்ல, அப்ப மில்லு வாசல்ல நின்னா வர்றது." வாய் பாட்டுக்குச் சொல்கிறது. குழந்தையின் உச்சியில் ஒரு வாசனை இருந்தது. பிறந்தபோது ஒன்று, மூன்றாம் மாசத்தில் ஒன்று, ஐந்தாம் மாசத்தில் சோறு ஊட்ட ஆரம்பித்ததும் வேறு ஒன்று. இதெல்லாம் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியும், மற்றவர்களுக்குத் தேதி தெரிகிற மாதிரி. ஏழாம் மாசம் முடிகிற வரைக்கும் தெரியும். கண்ணை மூடி அதைக் கூப்பிட்டுப் பார்த்தாள். என்ன வந்தது? பால், வெயிலில் காய்ந்த துணி, வசம்பு, இப்படி வார்த்தைதான் வந்தது. வார்த்தை வந்து நின்றது, பின்னால் ஒன்றும் வரவில்லை. நாளைக்கே மூக்கு திரும்பி வந்துவிட்டாலும் எட்டாம் மாசம் போனது போனதுதானே. குழந்தை காத்திருக்குமா? அது பாட்டுக்கு ஒன்பதாம் மாசத்துக்குப் போய்விடும். எட்டாம் மாசத்து நிவிஷாவை அவள் ஒரு தரம்கூட மோந்ததில்லை என்று ஆகிவிடும். பக்கத்திலேயே, லேபிள் ஒட்டுகிற பொம்பளைகளின் அறையில், தூளியில் தூங்குகிறது. பத்தடிச் சுவர் ஒன்றுதான் நடுவில். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வாசனை வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது, திறந்துவிட்ட குழாய் மாதிரி.

அவளும் அந்த அறையில் லேபிள் ஒட்டினவள்தான். மூக்குதான் அவளை இந்த மேசைக்குக் கொண்டுவந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் பசை டப்பாவை எடுக்கக் காய்ச்சுகிற அறைப் பக்கம் போனவள், அடுக்கியிருந்த மூட்டையைக் கடக்கும்போது, "இந்த மல்லி மண்ணெண்ணெ பக்கத்துல இருந்துச்சாக்கா?" என்று கேட்டுவிட்டாள். காய்ச்சுகிற அறை அமலோற்பவத்தின் பொறுப்பு; நாற்பது வயசு, கழுத்துச் சங்கிலியில் மாதா சுரூபம், வாயில் எப்போதும் கிராம்பு, எல்லாருக்கும் அமலாக்கா. அவள் மூட்டையை மோந்தாள், மறுபடி மோந்தாள், கொண்டுவந்த வண்டிக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவன் மண்ணெண்ணெய் கேனோடு ஏற்றி வந்ததை ஒத்துக்கொண்டான். "அடிப்பாவி, மூக்கா அது, போலீஸ் நாயா?" அன்றையிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம். புது ஈடு காய்ச்சி இறக்கினால் முதல் பாட்டில் அஞ்சலாட்சிக்கு வரும். என்ன கூடப் போட்டாள், என்ன குறைத்தாள் என்று அமலாக்கா மூச்சு விடமாட்டாள். அஞ்சலாட்சி மோந்து, நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, காய்ச்சுகிற அறைக் கதவில் தொங்குகிற சிலேட்டில் எழுத வேண்டும். 'ஏலக்காயைத் தோலோட போட்டிருக்கீங்க.' 'வெட்டிவேர் போன வருசத்துது.' எழுதினது சரியாக இருந்தால் அமலாக்கா உள்ளேயிருந்து கையைத் தட்டுவாள். சிலேட்டில் சரி என்று வந்த பிறகுதான் பாட்டில் விருந்தாளி மேசைக்கு வரும். காய்ச்சலுக்குப் பிறகு மூன்று ஈடு வந்தது. மூன்றுக்கும் 'சரி' என்று எழுதினாள். மூன்றும் சரியாகவே இருந்திருக்க வேண்டும், ஒன்றும் கேள்வி வரவில்லை. இன்றைக்குக் காலையில் நாலாவது, இப்போது மேசையில் இருக்கிற இந்த ஈடு. வழக்கம்போல மோந்தாள், வழக்கம்போல ஒன்றும் இல்லை, சாக்குக்கட்டியை எடுத்து 'சரி' என்று எழுதினாள். மூன்று தரம் தப்பித்தவளுக்கு நாலாவது தரம் பயம் குறைய வேண்டாமா? கூடுகிறதே.

"இப்ப தண்ணி சேர்ப்போம். ஒரு பங்குக்கு ஒரு பங்கு. தண்ணி பட்டாதான் உள்ள ஒளிஞ்சிருக்கறது வெளிய வரும்." சின்னக் கூஜாவிலிருந்து ஒவ்வொருவரின் இரண்டாவது கிளாசிலும் ஊற்றினாள். தெளிந்த ஜின் லேசாகக் கலங்கியது, அரிசி களைந்த கடைசித் தண்ணீர் மாதிரி. இவ்வளவு கலங்காதே எப்போதும்? வெட்டிவேர் எண்ணெய் கூடினால் கலங்கும். கூடியிருக்கிறதா? கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரியவில்லை. கண் சொல்வதைக் கேட்க நேரமில்லை, ஆறு முகம் அவளைப் பார்க்கிறது. "இதான் நம்ம ஜின்னோட நடு. மரிக்கொழுந்து. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில பொண்ணோட ஜடைய அவுப்பாங்க பாருங்க. பூவெல்லாம் வாடிப் போயிருக்கும், மரிக்கொழுந்து மட்டும் வாடின பிறகுதான் நல்லா வாசனை அடிக்கும். அந்த ஜடைய அவுக்கறப்ப வர்ற வாசனை." இது எப்போது சொன்னாலும் மேசையில் எல்லாரும் ஒரு தரம் கண்ணை மூடி இழுப்பார்கள். இழுத்தார்கள். சென்னைக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார், பெண்டாட்டி வெட்கப்பட்டுச் சிரித்து, "ஆமாங்க, அப்படியே வருது" என்றாள். போன் பையன், "செம்மயா இருக்கு, அந்த நடு" என்றான். எல்லாருக்கும் வந்தது. மேசைக் கோடியில் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டின ஒரு அம்மா, திண்டுக்கல் பக்கம், மகன் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான், ஐம்பத்தைந்து வயசுக்கு இப்போதுதான் முதல் தரம் இந்தச் சங்கதியைக் கையில் தொடுகிறாள். "எனக்கு வரலையே தாயி" என்றாள். "மல்லி வருது. அப்புறம் காஞ்ச மண்ணுல மழை விழுந்த மாதிரி ஒண்ணு வருது. மரிக்கொழுந்து எனக்கு நல்லாத் தெரியுமே, எங்க வீட்டுக் கொல்லையில கிடக்கும். அது இல்லையே இதுல." மகன், "அம்மா, எல்லாருக்கும் வருதுல்ல" என்று காதோடு சொன்னான். அஞ்சலாட்சி கூஜாவைக் கீழே வைத்தாள். இல்லையா? இந்த அம்மா சரியாக இருந்தால்? கலங்கலைப் பார்த்தாயே. ஆனால் வாய் முந்திக்கொண்டது, பழகின வாய், சிரித்த வாய். "முதல் தரம் அப்படித்தாங்கம்மா இருக்கும். மூக்குக்குப் பழகணும். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாருங்க, நடுவுல மெதுவா வரும்." அந்த அம்மா கீழ்ப்படிகிற குழந்தை மாதிரி கிளாசைத் தாடைக்குக் கொண்டுபோனாள், வாயைத் திறந்து இழுத்தாள், மறுபடி இழுத்தாள். கண்ணில் ஒரு குழப்பம் வந்தது. "ஆமா... வருது போலத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அமலாக்கா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. வாயில் கிராம்பை மெல்லுவது நின்றிருந்தது.

மூன்றாவது கிளாசுக்கு ஐஸ், டானிக் சோடா, நாரத்தைத் தோல் ஒரு சீவல். கை எல்லாவற்றையும் செய்தது, கைக்கு மூக்கு தேவையில்லை. தோலைக் கிளாசுக்கு மேலே மடக்கிப் பிழிய வேண்டும். எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறித்து வெளிச்சத்தில் மினுக்கியது, ஊமைப் படம் மாதிரி. அமலாக்கா ஏன் அப்படிப் பார்த்தாள்? ஐஸ் பெட்டி கனமாக இருந்திருக்கும். இல்லை. கண்ணைச் சிமிட்டவில்லையே. மரிக்கொழுந்து என்று சொன்னபோது வந்தாளா, அதற்கு முன்பேயா? மழை. போன வாரம் முழுக்க மழை. மரிக்கொழுந்துத் தோட்டத்துக்காரர் வண்டி வரவில்லை என்று யாரோ பேசிக்கொண்டார்களே, அவள் காதில் விழுந்ததே, விழுந்தும் ஏன் உறைக்கவில்லை? மூக்கு இருந்தவரைக்கும் காதைக் கேட்டுப் பழக்கமில்லை, அதுதான். அப்படியானால் அந்த அம்மா... மாரில் சுருக்கென்றது. இரண்டு பக்கமும் பால் கட்டிக்கொண்டு தினவெடுத்தது. நாலு மணி ஆகிவிட்டது, உடம்புக்குக் கடிகாரம் வேண்டாம். உடம்பு இன்னும் பேசுகிறது, மூக்கு மட்டும்தான் பேச்சை நிறுத்திக்கொண்டது, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள் மாதிரி, கூப்பிட யாரை அனுப்புவது? பிரகதீஷ் சார் வந்து கையைக் கூப்பி எல்லாரையும் வழியனுப்பினார். "எங்க அஞ்சலி எப்படி? மூக்கு நாற்பது வாசனையைப் பிரிக்கும்." பெங்களூர்ப் பையன் அவளோடு செல்பி எடுத்துக்கொண்டான். திண்டுக்கல் அம்மா கடைசியாக எழுந்தாள். மகன் வண்டிக்குப் போய்விட்டான். அவள் அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "நல்லாச் சொன்ன தாயி. எனக்குத்தான் வயசாயிருச்சு. மூக்குப் போயிருச்சு போல. வீட்டுல போய் மரிக்கொழுந்தைக் கசக்கிப் பாக்கணும்" என்று சிரித்தாள். உங்க மூக்குக்கு ஒன்றும் இல்லைம்மா. இந்த ஒரு வரி. நாக்கின் நுனியில், துப்பாத ஜின் மாதிரி, எரிந்துகொண்டு நின்றது. பிரகதீஷ் சார் பக்கத்திலேயே நின்றார். "பாத்துப் போங்கம்மா, படி இருக்கு" என்றாள். வேன் கிளம்பிச் சவுக்குத் தோப்பில் திரும்பி மறைந்தது. ஒரு நல்ல மூக்கை, ஒரு குறையும் இல்லாத மூக்கை, சந்தேகப்படுத்தி அனுப்பிவிட்டாளே. வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை அந்த அம்மா என்ன நினைப்பாள்? இருபத்து மூன்று நாளாக இவள் நினைப்பதைத்தான் நினைப்பாள்.

கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அமலாக்கா சிலேட்டோடு வந்தாள். கதவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். மேசைமேல் வைத்தாள். அஞ்சலாட்சி காலையில் எழுதின 'சரி', ரகரம் கொஞ்சம் கோணல். "மழையில கட்டு கட்டா அழுவிப் போச்சுடி. இந்த ஈட்டுல ஒரு காம்பு மரிக்கொழுந்து போடல. அதுக்குப் பதிலா வெட்டிவேரைக் கூட வச்சேன். காலையிலேர்ந்து காத்துகினு இருக்கேன், நீ வந்து எங்கக்கா மரிக்கொழுந்து, ஆடு மேஞ்சிடுச்சான்னு கேப்பன்னு." அஞ்சலாட்சி குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் கிளாசில் விழுந்து வழிந்தது. "அந்தம்மா கரெக்டா சொல்லிச்சு. நீ அதுங்கிட்டயே மூக்குக்குப் பழகணும்ன்ற." சத்தம் இல்லாமல்தான் சொன்னாள். அப்புறம் குழாயை அவளே நிறுத்தினாள். வாயிலிருந்த கிராம்பை எடுத்து, இரண்டு விரலால் நசுக்கி, அஞ்சலாட்சியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அஞ்சலாட்சி இழுத்தாள். அமலாக்காவைப் பார்த்தாள். "எத்தினி நாளா?" "இருவத்தி மூணு." "சாருக்குத் தெரியுமா?" "தெரியாது." "உம் வூட்டுக்காரருக்கு?" இல்லை என்று தலையை ஆட்டினாள். "மாதாவே" என்றாள் அமலாக்கா, சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு. "நாளைக்கி சார்கிட்ட சொல்லிடணும்டி. நான் கூட வரேன். மறுபடி லேபிள் ஒட்டச் சொன்னா ஒட்டு, கையி இருக்குது இல்ல." "சொல்லிடலாங்க்கா." அது இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியம். இருபத்து மூன்று நாளாக எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்? இந்த மேசையையா? மேசை போகட்டும். போகக்கூடாதது ஒன்று போய்க்கொண்டிருக்கிறதே. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கினது. அஞ்சலாட்சி கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள், தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். தூங்கி எழுந்த சூடு, கழுத்தில் வேர்வை ஈரம், கன்னத்தில் தூளிச் சேலையின் வரி. கண்ணுக்கும் கைக்கும் எல்லாம் கிடைத்தது. ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. குழந்தை மாரைத் தேடி முட்டியது. "இருடி கண்ணு, ஒரு நிமிசம்" என்று அதன் உச்சந்தலையை அமலாக்காவின் தாடைக்கு நேராகக் கொண்டுபோய்ப் பிடித்தாள், கிளாசைப் பிடிக்கிற மாதிரி, சிந்திவிடாமல்.

"யக்கா, மோந்து பாத்து சொல்லுக்கா. அவசரப்படாத. வாயக் கொஞ்சம் தொறந்துகினு மெதுவா இழு. மொதல்ல இன்னா வருது, நடுவுல இன்னா வருது, கடைசியா இன்னா நிக்குது, ஒண்ணொண்ணா சொல்லு. இருக்கறத மட்டும் சொல்லுக்கா. என் மனசுக்காவ இல்லாதத சொல்லிடாத."